பக்கவாதம் வந்த அப்பாவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை எங்கே, எப்படித் தேடுவது?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது, இடது பக்கம் பலவீனம், நடக்க ஆரம்பித்துவிட்டார், ஆனால் சட்டை போடவும் குளிக்கவும் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் சீட்டின் கடைசியில் "ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது, வீட்டுக்குப் பக்கத்தில் பிசியோதெரபி கிளினிக் மட்டும்தான் கண்ணில் படுகிறது, ஓ.டி.யை, அதாவது அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை, எங்கே பிடிப்பது என்பது உங்கள் கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். ஆள் எங்கே கிடைப்பார் என்பது ஒன்று. கிடைத்தவர் உங்கள் அப்பாவுக்குப் பொருத்தமானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொன்று. முதலாவது கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். குடும்பங்கள் மாதக்கணக்கில் நேரத்தை இழப்பது இரண்டாவதில். மூளை பாதிப்பிலிருந்து மீண்டு வருகிறவர்களோடு பல வருடங்களாக ஓ.டி.யாக வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தேட ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து, அவர் மறுபடியும் தானாகச் செய்ய ஆசைப்படும் மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். "கை பழையபடி ஆகணும்" என்று எழுதினால் அதை வைத்து யாரையும் தேட முடியாது. "ராத்திரி யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய் வரணும்", "சட்டைப் பட்டனை நானே போட்டுக்கணும்", "பேத்தியைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகணும்" என்று எழுதுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. குளிப்பாட்டுவதுதான் பெரிய பாரம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கோ, செருப்பு மாட்டிவிட மகள் குனிவதுதான் மனதை அறுக்கும். இரண்டையும் எழுதுங்கள், அவருடையதை மேலே எழுதுங்கள். யாரைக் கூப்பிடுவது, ஃபோனில் என்ன கேட்பது, இரண்டு மாதம் கழித்துப் பலன் இருந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

பக்கத்திலேயே பிசியோ இருக்கிறாரே, அவர் போதாதா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. அவரை விட்டுவிடாதீர்கள். நிற்பது, நடப்பது, சமநிலை, தசைபலம் இதிலெல்லாம் அவர்கள் தேர்ந்தவர்கள். கை விஷயத்தில் இரண்டு துறையும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தே கிடக்கும். ஆனால் ஓ.டி. தொடங்கும் இடம் வேறு. அன்றாடக் காரியத்திலிருந்து தொடங்குவார். சட்டை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டிலோரத்தில் ஒரு பக்கமாகச் சாயாமல் உட்கார வேண்டும். மடியில் கிடக்கும் துணியில் எது காலர், எது கை என்று கண் பிரித்துப் பார்க்க வேண்டும். பலவீனமான கையை முதலில் உள்ளே விட்டு, துணியை முழங்கைக்கு மேலே ஏற்றிய பிறகுதான் முதுகைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். இந்த வரிசை நினைவில் நிற்க வேண்டும், கடைசியில் ஒரே கையால் பட்டனைத் துளைக்குள் தள்ள வேண்டும். இதில் உங்கள் அப்பா எந்தப் படியில் திணறுகிறார் என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறிவிடும். சாய்கிறார் என்றால் உட்காரும் இடத்தைச் சரி செய்ய வேண்டும். வரிசை மறக்கிறது என்றால் தினமும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் பழக்க வேண்டும். துணியில் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் எவ்வளவு தசைபலம் வந்தாலும் சட்டை ஏறாது.

உங்கள் பதிவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறார், பசி குறைந்துவிட்டது போல என்கிறீர்கள். எந்தப் பாதி? அடுத்த வேளை கவனியுங்கள். இடது பாதி மட்டும் மிச்சம் இருக்கிறதென்றால், ஒன்றும் பேசாமல் தட்டை அரை வட்டம் திருப்பி வையுங்கள். மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாரென்றால் குறை பசியில் இல்லை. மூளையின் வலது பாதியில் பாதிப்பு வந்தவர்களில் சிலருக்கு உடலின் இடது பக்கம் பலவீனமாவதோடு, இடது பக்கத்தில் இருப்பதெல்லாம் கவனத்திலிருந்தே நழுவிப்போகும். கண்ணில் குறை இருக்காது. முகத்தில் ஒரு பாதியை மட்டும் ஷேவ் செய்வார், இடது தோள் நிலைக்கதவில் இடிக்கும், இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வீட்டில் அதை அலட்சியம் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்வார்கள். பார்வைப் புலத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியும் பரப்பில், ஒரு பாதி போயிருந்தாலும் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், அதனால் எது என்று முடிவு செய்வதை நேரில் பரிசோதிப்பவரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் இதைக் கண்டுபிடித்து, சமையலறைக்கும் தெருவுக்கும் தகுந்த மாதிரி அவரைத் தயார்படுத்துவது ஓ.டி.யின் வேலையின் நடுமையம். அது தெளிவாகும்வரை அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், அடுப்புப் பக்கமும் தனியாக விடாதீர்கள்.

சரி, தேடலுக்கு வருகிறேன். முதலில் அப்பா படுத்திருந்த மருத்துவமனைக்கே திரும்பப் போங்கள். சீட்டு எழுதிய மருத்துவரைவிட, மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிற தெரபிஸ்ட்டைப் பிடிப்பது நல்லது. அவரிடம் "ஓ.டி. யாராவது தெரியுமா" என்று கேட்டால் பொதுவாக ஒரு பெயர் வரும். "பக்கவாதம் வந்த பெரியவர், இடது பக்கம், கவனமும் குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறது, வீட்டுக்கு வந்து பார்க்கிறவர் எங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்" என்று கேளுங்கள். அப்போதுதான் சரியான பெயர் வரும். ஓ.டி.க்களில் பலர் குழந்தைகளை மட்டும் பார்ப்பார்கள், சிலர் கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான வேலை மட்டும், சிலர் மனநலம் மட்டும். இணைய வரைபடத்தில் தேடும்போது கண்ணில் படுகிற மையங்களும் பல இடங்களில் குழந்தைகளுக்கானவை. அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம், "பெரியவர்களுக்கு, பக்கவாதத்துக்குப் பார்க்கிற உங்கள் வகுப்புத் தோழர் யாராவது உண்டா" என்று கேளுங்கள். சின்னத் துறை இது, ஒருவரை ஒருவர் தெரிந்துதான் வைத்திருப்போம். உங்கள் பக்கத்து பிசியோவிடமும், அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கிறதென்றால் அந்தத் தெரபிஸ்ட்டிடமும் இதையே கேளுங்கள். ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்தவர் சொல்லும் பெயருக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்த வழி, பதிவேடும் சங்கமும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். பிரிட்டனில் எச்.சி.பி.சி. (HCPC), ஆஸ்திரேலியாவில் ஆப்ரா (AHPRA) ஆகிய அமைப்புகளின் பதிவேடுகளில் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கனடாவில் மாகாண ஒழுங்குமுறை அமைப்புகளும் அமெரிக்காவில் மாநில உரிம வாரியங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. சிங்கப்பூரில் துணை மருத்துவத் தொழில்களுக்கான கவுன்சில் இருக்கிறது. இந்தியாவில் இந்தத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது. தொழில்முறைச் சங்கமான அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்ஸ் சங்கம் 1952-இலிருந்து இருக்கிறது. அதே 1952-இல் தொடங்கிய உலகக் கூட்டமைப்பில் 100-க்கும் மேற்பட்ட சங்கங்கள் உறுப்பினர்கள், அதன் இணையதளத்தில் உங்கள் நாட்டுச் சங்கத்தின் தொடர்பு கிடைக்கும். அந்தக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பில் ஒரு மாணவர் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளோடு வேலை செய்திருக்க வேண்டும். குறுகிய காலச் சான்றிதழை வைத்துக்கொண்டு "தெரபிஸ்ட்" என்று பலகை மாட்டுகிறவர்களும் இருப்பதால், பட்டம் எங்கே வாங்கினீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒழுங்காகப் படித்தவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவர் தகுதியானவர் என்று மட்டும்தான் தெரியும். உங்கள் அப்பாவுக்குப் பொருத்தமானவரா என்பது தெரியாது.

ஓ.டி. படிப்பு நடக்கிற கல்லூரி எட்டுகிற தூரத்தில் இருந்தால் அதை விடாதீர்கள். அங்கே பெரும்பாலும் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவு இருக்கும், மாணவர்கள் ஆசிரியரின் கண் பார்வையில் வேலை செய்வார்கள். மாணவர் என்று தயங்குகிற குடும்பங்கள் நிறைய. என் அபிப்பிராயத்தில் ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்குகிற இடம் வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம். பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களின் குழுக்களும் உதவும். யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் குடும்பத்தோடு பொறுமையாகப் பேசுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். திறமையை அளக்க அதை நம்ப வேண்டாம், ஒருவருடைய பாதிப்பு இன்னொருவருடையதைப் போல இருக்காது. பொதுச் சுகாதார அமைப்பு வழியாகவோ காப்பீடு வழியாகவோ போவதாக இருந்தால், பரிந்துரைக் கடிதம் தேவையா, எத்தனை அமர்வுக்குப் பணம் தருவார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் ஃபோன் செய்யுங்கள். பக்கவாதம் வந்தவர்களை வாடிக்கையாகப் பார்க்கிறீர்களா, வீட்டுக்கு வருவீர்களா, முதல் தடவை எவ்வளவு நேரம் ஆகும், அதில் என்ன செய்வீர்கள், தொடர்ந்து வருவது நீங்களா உதவியாளரா, முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் அந்தத் தாளை எடுத்து மூன்று காரியத்தையும் படித்துக் காட்டுங்கள். நல்ல ஓ.டி. அங்கேயே திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். கழிப்பறை எந்தப் பக்கம், ராத்திரி விளக்கு எரிகிறதா, கட்டில் எவ்வளவு உயரம், பிடிக்க எந்தக் கையை நீட்டுகிறார், அப்பா முன்னே என்ன வேலை பார்த்தார் என்பார். காரியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் "கூட்டி வாருங்கள், பத்து சிட்டிங் பேக்கேஜ் இருக்கிறது" என்றால் அடுத்த எண்ணைப் போடுங்கள். இத்தனை நாளில் கை வந்துவிடும் என்று தேதி சொல்கிறவரிடமும் போக வேண்டாம். நேர்மையாக அப்படி யாராலும் சொல்ல முடியாது.

முதல் அமர்வில் என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து பாருங்கள். கையைத் தூக்கிப் பார்ப்பது, பிடியைச் சோதிப்பது எல்லாம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த அமர்விலோ அடுத்ததிலோ, அப்பா ஏதாவது ஒரு காரியத்தை நிஜமாகச் செய்வதை அவர் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்து எழுவதைப் பார்க்காமல் "இங்கே ஒரு கம்பி வையுங்கள்" என்று சொல்லிவிட முடியாது. கம்பி நல்ல கைப் பக்கம் வர வேண்டும். எழுந்திருக்கும்போதும் திரும்பும்போதும் அந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்தால்தான் இடமும் உயரமும் தெரியும். எங்கள் துறையில் பலர் பயன்படுத்தும் கனடிய அளவீடு ஒன்று உண்டு. நோயாளியே தனக்கு முக்கியமான ஐந்து பிரச்சினைகள் வரை தேர்ந்தெடுத்து, இப்போது எப்படிச் செய்கிறேன், அதில் எனக்கு எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். கொஞ்ச வாரம் கழித்து மறுபடி போடுவார், 2 புள்ளி கூடினால் அதைப் பொருட்படுத்தத் தக்க மாற்றமாக எடுத்துக்கொள்வோம். இதேதான் என்று இல்லை, ஏதாவது ஓர் அளவு இருக்க வேண்டும். அளவே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிற சிகிச்சை எனக்குக் கவலை தரும். உங்களை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்துவதும் அப்படித்தான். மீதி நேரமெல்லாம் அவரோடு இருக்கப் போவது நீங்கள்.

எதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், கடைகளில் எல்லாமே ஒரே நம்பிக்கையோடுதான் விற்கப்படுகின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு அன்றாடக் காரியங்களை மையமாக வைத்து ஓ.டி. கொடுத்தால் மற்றவரைச் சார்ந்திருப்பது குறைகிறது என்பதற்குப் பல ஆய்வுகளின் துணை இருக்கிறது. எந்தக் காரியம் வேண்டுமோ அதையே திரும்பத் திரும்பச் செய்து பழகுவதுதான் அதன் உள்ளே இருக்கும் விஷயம். நல்ல கையைக் கட்டுப்படுத்தி, பலவீனமான கையையே வேலை வாங்கும் முறை ஒன்று உண்டு. 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரச் சிகிச்சையில் கிடைத்த பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானே விரிக்க முடிகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும், உங்கள் அப்பாவின் விரல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல கையின் அசைவை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து, பலவீனமான கையே அசைவது போல மூளைக்குக் காட்டும் கண்ணாடிச் சிகிச்சைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, செலவும் குறைவு, மற்றவற்றோடு சேர்த்துச் செய்யலாம். கை இறுகாமல் இருக்க ராத்திரி முழுக்க ஸ்பிளிண்ட் (கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் அச்சு) போடுவது, மணிக்கணக்கில் இழுத்து வைப்பது ஆகியவற்றில் பொருட்படுத்தும்படியான பலன் ஆய்வுகளில் தெரியவில்லை; சிலருக்குக் குறிப்பிட்ட காரணத்துக்காக நானும் கொடுக்கிறேன், எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இடது பக்கம் கவனமில்லாமல் போவதற்கான பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. காகிதத்தில் மதிப்பெண் கூடும், அது வீட்டு வாழ்க்கைக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்கிறது என்பது இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பயிற்சியைத் தட்டிலும், சட்டையிலும், வாசலிலுமே செய்யச் சொல்கிறேன்.

ஆறு மாதம் தாண்டினால் ஒன்றும் வராது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் மூன்று மாதத்தில் மீட்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகு வேகம் குறையும், நின்றுவிடுவதில்லை. கையில் அசைவே திரும்பாதவர்கள்கூட ஒரு கை முறைகளும் சில மாற்றங்களும் கற்றுக்கொண்டு தனியாகக் குளித்து உடுத்திக்கொள்கிறார்கள். கை எவ்வளவு திரும்பும் என்பதை நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாது, பார்த்தாலும் ஓரளவுதான் சொல்ல முடியும்.

எவ்வளவு தேடியும் பக்கத்தில் யாருமே இல்லை என்றால்? வாரம் மூன்று நாள் வந்து பொதுவான பயிற்சி கொடுக்கிற பக்கத்து ஆளைவிட, தூரத்தில் இருக்கிற அனுபவமுள்ளவரை ஓரிரு தடவை நேரில் பார்த்து, வீட்டுத் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு வீடியோவில் தொடர்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். வீட்டைக் காட்டுவது, காரியத்தைச் செய்து காட்டுவது, இலக்கை மாற்றுவது எல்லாம் வீடியோவில் நன்றாகவே நடக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை முதல்முறை பழகுவது, ஸ்பிளிண்ட் செய்வது, தோள்வலியைப் பரிசோதிப்பது மூன்றும் நேரில்தான் நடக்க வேண்டும். அந்த வீட்டுத் திட்டத்தைப் பக்கத்து பிசியோவிடமும் கொடுங்கள், இருவரும் ஒருமுறை ஃபோனில் பேசிக்கொண்டால் உங்களுக்குப் பாதி சுமை குறையும்.

ஆள் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். பலவீனமான தோள் மூட்டு சுலபமாக இறங்கும், அந்த வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது. உட்காரும்போது கை தொங்காமல் தலையணை மேல் இருக்கட்டும். குளிக்க, அசையாத, வழுக்காத ஒரு நாற்காலி போடுங்கள். சட்டை போடுவதில் கடைசிப் படியையாவது அவரே செய்யட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பயிற்சிக்கே வர மறுக்கிறார், எதிலும் ஈடுபாடு இல்லை என்றால் சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு வைத்தியம் இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லுங்கள். புதிதாக முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, பலவீனம் திடீரென்று கூடினாலோ தெரபிஸ்ட்டுக்கு ஃபோன் செய்துகொண்டிருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

சிகிச்சை தொடங்கி ஆறேழு வாரத்தில் அந்தத் தாளை எடுத்து, அப்பாவையும் தெரபிஸ்ட்டையும் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு காரியமாவது நகர்ந்திருந்தால் அடுத்ததைச் சேர்த்துக்கொண்டு தொடருங்கள். மூன்றுமே அசையவில்லை என்றால் இலக்கைச் சின்னதாக்கலாமா, முறையை மாற்றலாமா என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லாவிட்டால், "இந்த மாதிரிப் பாதிப்பை அதிகம் பார்த்த இன்னொருவரைச் சொல்லுங்கள்" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். எங்கள் தொழிலில் அது சகஜமான கேள்விதான்.